வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஹார்ட் டிஸ்க்? எத்தனை நகல்?

(நமது மும்பைக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்கள் சிலர் கேட்டுக் கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்பது. கடைக்குப் போய் எதை வாங்குவது என்பது பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம். வாங்கி வந்த பிறகு அதை எப்படி வைத்துக் கொள்கிறோம் என்பதில்தான் பெரும்பாலோருக்கு நஷ்டம் ஏற்படுகிறது. ஆகவே தலைப்பைக் கொஞ்சம் நீட்டிக் கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் என்ஜினீயர் அல்ல. 1971-ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்து, 2010-ல் ஓய்வு பெற்றவன். எங்கள் காலனியில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஏதாவது தகராறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பேரன் பேத்திகளைக் கூப்பிட்டால் அவர்கள் இரண்டு நிமிஷத்தில் சரி செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள், என்ன செய்தார்கள் என்று நமக்குப் புரிவதில்லை என்பது காரணம். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

நம் வயதுக்காரர்களின் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? பென்ஷன் உத்தரவு, வருமான வரி ரிட்டர்ன், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், இன்ஷூரன்ஸ் பாலிசி. இவை தொலைந்தால் சிரமம்தான். ஆனாலும் அலைந்து திரிந்து நகல் வாங்கி விடலாம். வாங்க முடியாதவை வேறு. மகளின் கல்யாண வீடியோ, அறுபதாம் கல்யாணத்தின் போட்டோக்கள், பழைய கேஸட்டிலிருந்து மாற்றி வைத்த பாட்டியின் நலங்குப் பாட்டு, பெரியப்பா உட்கார்ந்து டைப் அடித்த வம்சாவளி. இவற்றுக்கு எந்த ஆபீஸிலும் டூப்ளிகேட் கிடையாது.

முலுண்டில் இருக்கும் என் நண்பர் ஒருவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், மிக ஒழுங்கானவர். லேப்டாப்பில் இடம் நிரம்பி விட்டது என்று ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினார். பதினான்கு வருஷப் போட்டோக்களையும், தாயார் பாடியதைப் பதிவு செய்திருந்ததையும் அதற்கு மாற்றினார். மாற்றிய பிறகு லேப்டாப்பில் இருந்ததை அழித்தார். "பேக்கப் எடுத்தாயிற்று" என்று எல்லோரிடமும் சொன்னார். ஒரு நாள் டி.வி. மேஜையில் அது ஓடிக் கொண்டிருக்கும்போது வேலைக்கார அம்மாள் மேஜையைத் துடைக்க, ஒயர் இழுபட்டு, டிஸ்க் இரண்டரை அடி உயரத்திலிருந்து மொசைக் தரையில் விழுந்தது. அதன் பிறகு 'டிக், டிக்' என்று சத்தம்தான் வந்தது. தகவல் மீட்டுத் தரும் இடத்தில் பிரித்துப் பார்த்து, தட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று கை விரித்தார்கள். தாயார் காலமாகி ஒன்பது வருஷம். அந்தக் குரல் வேறு எங்கும் இல்லை.

அவர் எடுத்து வைத்திருந்ததற்கு பேக்கப் என்று பெயர் அல்ல. ஓரிடத்தில் இருந்த ஒரே பிரதியை வேறோர் இடத்துக்கு மாற்றினார், அவ்வளவே. முன்பும் ஒரு பிரதி, பின்பும் ஒரு பிரதி. வெளி டிஸ்க் வைத்திருப்பவர்களை நான் விசாரித்த வரையில் பாதிப் பேருக்கு மேல் இதைத்தான் செய்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்பது புரியும். ஹார்ட் டிஸ்க் என்பது 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்த சாதனத்தின் வாரிசு. அந்த முதல் யந்திரத்தில் இருபத்து நான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள்; கொள்ளளவு 50 லட்சம் எழுத்துக்கள். இன்றைய மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோவே அதில் இரண்டாவது அடங்குமா என்பது சந்தேகம். இன்று சட்டைப் பையில் அடங்கும் டிஸ்க்கிலும் அதே தத்துவம்தான். காந்தப் பூச்சுப் பூசிய தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. அதன் மேல் படிக்கும் முனை ஒன்று சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிரின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். அப்படியானால் அது எவ்வளவு சிறிய இடைவெளி என்று பாருங்கள். ஓடும்போது தட்டினால் முனை தட்டில் உரசும். உரசிய இடத்தில் இருந்தது போயிற்று.

தட்டாமல் பத்திரமாக வைத்திருந்தாலும் ஆயுள் உண்டு. பேக்ப்ளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் உள்ள லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்று 2013 முதல் கணக்கு வெளியிட்டு வருகிறது. சமீப வருஷங்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை. குளிரூட்டிய அறையில், நகர்த்தாமல் வைத்திருக்கும் டிஸ்க்குகளின் கணக்கு அது. நம் வீட்டில் கரண்ட் போய் வருவதும், பேரன் ஒயரைப் பிடித்து இழுப்பதும் சேர்ந்தால் அதைவிடக் குறையாது.

இங்கேதான் காலேஜில் படித்த சம்பவக் கணக்கு உதவுகிறது. ஒரு டிஸ்க் இந்த வருஷம் பழுதாக ஐம்பதில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக் கொள்வோம். அதே விஷயம் இரண்டு டிஸ்க்கில் இருந்தால், இரண்டும் பழுதாக 2,500-ல் ஒரு பங்கு. மூன்றில் இருந்தால் 1,25,000-ல் ஒன்று. பெருக்கினால் வருகிற இந்த விடை மிகவும் ஆறுதலாக இருக்கிறது. ஆனால் பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றுக்கு வரும் கேட்டுக்கும் மற்றதற்கு வரும் கேட்டுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. லேப்டாப்பும் இரண்டு டிஸ்க்குகளும் ஒரே பையில், ஒரே பீரோவில் இருந்தால் திருடன் மூன்றையும் சேர்த்துத்தான் எடுத்துப் போவான். அப்போது பெருக்கல் செல்லாது.

மும்பைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தரைத்தள வீடுகளில் கம்ப்யூட்டரும், ஆல்பங்களும், சி.டி. அடுக்கிய அலமாரியும் ஒன்றாகவே தண்ணீரில் நின்றன. 2015 டிசம்பரில் சென்னையில் நம் உறவினர் பலர் வீட்டிலும் இதே கதை. அவர்களில் போட்டோக்களைக் காப்பாற்றிக் கொண்டவர்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ தங்கைக்கோ முன்பே ஒரு காப்பி கொடுத்து வைத்தவர்கள்தான்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய ஒரு விதி இருக்கிறது. மூன்று, இரண்டு, ஒன்று என்பார்கள். மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். நமக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. நம் குடும்பங்கள் எல்லாமே நாலு ஊரில் சிதறிக் கிடப்பவை. தம்பி நாக்பூரில், மகள் பெங்களூரில், மைத்துனர் புனேயில். கல்யாணம் கார்த்திகை என்று போகும்போது ஒரு டிஸ்க்கைக் கையோடு எடுத்துப் போய் அங்கே வைத்துவிட்டு, அவர்களுடைய டிஸ்க்கை இங்கே கொண்டு வரலாம். ஒருவர் வீட்டுப் பெட்டி மற்றவர் வீட்டில். நானும் என் தம்பியும் இப்படித்தான் செய்கிறோம். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கைமாறுகிறது.

"எல்லாம்தான் கூகிளில் இருக்கிறதே, இது எதற்கு?" என்று பின்வரிசையில் ஒரு மாமா கேட்கிறார். நியாயமான கேள்வி. இருக்கட்டும், நல்லதுதான், மூன்றில் அதை ஒன்றாக வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் கூகிள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் முதல் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது மெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். மேலும் அது மொபைலோடு இணைந்தே இயங்குகிறது. தெரியாமல் மொபைலில் அழித்தால் அங்கேயும் குப்பைத் தொட்டிக்குப் போகும், அறுபது நாளில் தொட்டியும் காலியாகும். இன்னொன்று: இரண்டு வருஷம் யாரும் உள்ளே நுழையாத கணக்கை நீக்கிவிடலாம் என்று அந்தக் கம்பெனி விதி வைத்திருக்கிறது, 2023 டிசம்பர் முதல் அது அமலில் இருக்கிறது. கணக்குக்கு உரியவர் காலமாகி, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இனி கடைக்குப் போவோம். லாமிங்டன் ரோடோ, டெல்லியில் நேரு பிளேஸோ, பெங்களூரில் எஸ்.பி. ரோடோ, உங்கள் ஊரில் எது வழக்கமோ அங்கே. போவதற்கு முன் வீட்டிலேயே கணக்குப் போட்டுக் கொள்ள வேண்டும். மொபைல் போட்டோ ஒன்று சுமார் 4 எம்.பி. என்றால் ஒரு லட்சம் போட்டோவுக்கு 400 ஜி.பி. மினி டி.வி. கேமரா டேப்பை அப்படியே மாற்றினால் மணிக்கு 13 ஜி.பி. ஆகும், இருபது டேப்புக்கு 260. மொத்தம் 660 ஜி.பி. இதற்கு 2 டி.பி. டிஸ்க் தாராளம். 5 டி.பி. சல்லிசாகத் தருகிறான் என்று ஒன்றை வாங்குவதைவிட அதே பணத்தில் 2 டி.பி. இரண்டு வாங்குங்கள். இன்று என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து சொருகியதும் "1 டி.பி. என்று சொல்லி 931 ஜி.பி.தான் கொடுத்திருக்கிறான், ஏமாற்று" என்று எனக்கு வருஷத்துக்கு நாலு போன் வருகிறது. ஏமாற்று இல்லை. கம்பெனி பத்தின் அடுக்கில் எண்ணுகிறது: ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு பூஜ்யம். விண்டோஸ் இரண்டின் அடுக்கில் எண்ணுகிறது: 1024-ஐ மூன்று தடவை பெருக்கி அதால் வகுக்கிறது. விடை 931. பழைய சேருக்கும் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான்.

சுற்றும் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா என்பது அடுத்த கேள்வி. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகம் கிடையாது. தட்டினாலும் கவலை குறைவு. வேகமும் மிக அதிகம். விலை மட்டும் அதே கொள்ளளவுக்குச் சில மடங்கு. ஊர் ஊராக எடுத்துப் போகிறவர்களுக்கு, தினசரி சொருகி வேலை செய்கிறவர்களுக்கு எஸ்.எஸ்.டி. நல்லது. ஆனால் எழுதிப் பீரோவில் பூட்டி வருஷக்கணக்கில் வைப்பதற்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. அதில் தகவல் மின்னேற்றமாகச் சிறைப்பட்டிருக்கிறது. மின்சாரம் கொடுக்காமல் வைத்திருந்தால் அது மெல்ல மெல்லக் கசியும். சூட்டில் இன்னும் சீக்கிரம் கசியும். ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு, எழுதி எழுதித் தேய்ந்த சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்று 30 டிகிரி உஷ்ணத்தில் மின்சாரமின்றி ஒரு வருஷம் தாங்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. புதியது இதைவிட நெடுங்காலம் தாங்கும், உண்மை. ஆனால் நம் ஊர் மே மாதத்தில் மூடிய பீரோவின் உஷ்ணம் 30 டிகிரியோடு நிற்காது. பென் டிரைவிலும் இதே சங்கதிதான், தரமும் பல சமயம் மட்டம். கல்யாண வீடியோக்காரர் கொடுத்த பென் டிரைவை அப்படியே லாக்கரில் வைத்திருப்பவர்கள், தயவு செய்து இந்த வாரமே அதைக் காப்பி எடுங்கள்.

ஆகவே பூட்டி வைக்கும் பிரதிகளுக்குச் சுற்றும் டிஸ்க். அதிலும் இரண்டரை அங்குலச் சிறிய ரகம் போதும். அதற்குத் தனி அடாப்டர் வேண்டாம், யூ.எஸ்.பி. ஒயரிலேயே மின்சாரம் வந்துவிடும். மூன்றரை அங்குலப் பெரிய ரகத்துக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு. எங்கள் காலனியில் ஒருவர் முனை பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகிவிட்டார். மேலே விவரிக்கத் தேவையில்லை.

பிராண்டு விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். உலகத்தில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்களே இன்று மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. நான் இரண்டு டிஸ்க்கையும் வேறு வேறு கம்பெனியாக வாங்குகிறேன். ஒரே தொகுதியில் வந்த குறை இரண்டையும் ஒன்றாகப் பாதிக்க வேண்டாம் என்பதே காரணம். முன்பு சொன்ன நிபந்தனைதான். இன்டர்நெட்டில் 16 டி.பி. எஸ்.எஸ்.டி. இரண்டாயிரம் ரூபாய் என்று விளம்பரம் வந்தால் அது போலி. உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்று இருக்கும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும். நிரம்பிய பிறகு பழையதன் மேலேயே எழுதிக் கொண்டு போகும்.

வாரண்டி மூன்று வருஷம் என்று பெட்டியில் போட்டிருக்கலாம். அது டிஸ்க்குக்கு மட்டும். பழுதானால் வேறு டிஸ்க் தருவார்கள். உள்ளே இருந்த கல்யாணத்தைத் தர மாட்டார்கள். ஒயரையும் கவனியுங்கள். யூ.எஸ்.பி. 3 என்றால் 400 ஜி.பி.யைக் காப்பி செய்ய ஒரு மணிக்குச் சற்று மேல், பழைய யூ.எஸ்.பி. 2 துளையில் சொருகினால் அதற்கே மூன்றரை மணிக்கு மேல். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இரண்டிலுமே தாமதமாகும். நடுவில் நின்றுவிட்டதோ என்று பிடுங்கிவிடாதீர்கள். வீட்டில் விண்டோஸ், ஆப்பிள் இரண்டும் இருந்தால் டிஸ்க்கை முதலிலேயே எக்ஸ்-ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து கொள்வது உத்தமம். ஆப்பிள் கம்ப்யூட்டர், விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கைப் படிக்கும், தானாக அதில் எழுதாது.

எப்போது நகல் எடுப்பது? விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, ஆப்பிளில் டைம் மெஷின் என்று தானாகச் செய்யும் வசதிகள் இருக்கின்றன; பழகிக் கொள்ளலாம். பழக மனமில்லாதவர்களுக்கு என் யோசனை: இந்தப் பத்திரிகை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தபாலில் வருகிறது. அது வந்த அன்று டிஸ்க்கை எடுங்கள், புதிதாகச் சேர்ந்ததைக் காப்பி செய்யுங்கள். பிறகு பழைய போட்டோ ஐந்து, வீடியோ இரண்டு, டாக்குமெண்ட் மூன்று திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் போதாது. வீடியோவின் நடுப்பகுதி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் ஆரோக்கியத்தை நம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரிக் காட்டும். மஞ்சள் நிறம் வந்தால் புது டிஸ்க்குக்கு நேரம் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் முறைப்படி 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றி உள்ளே வையுங்கள். சொருகியபடியே விடக் கூடாது. 2017 மே மாதம் வான்னகிரை என்ற வைரஸ் உலகமெங்கும் புகுந்தபோது, கம்ப்யூட்டரில் இருந்ததோடு அதில் சொருகியிருந்த டிஸ்க்குகளையும் சேர்த்துப் பூட்டிப் பணம் கேட்டது. பீரோவில் இருந்த டிஸ்க்கை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பழைய தமிழ் ஃபைல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990-களில் தனி ஃபாண்டுகளில் டைப் அடித்த வம்சாவளி, கடிதம் எல்லாம் இன்று திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் கோடுகளுமாக வருகின்றன. டிஸ்க் பத்திரமாக இருந்தும் படிக்க ஆளில்லை. யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றி, ஒரு பி.டி.எஃப். பிரதியும் எடுத்து வையுங்கள். வி.எச்.எஸ். டேப் வைத்திருப்பவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். வி.சி.ஆர். தயாரித்து வந்த கடைசிக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. மும்பை ஈரக்காற்றில் டேப்பில் பூஞ்சை வேறு பிடிக்கிறது.

பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாமா என்று ஒரு மாமி சீட்டு அனுப்பியிருக்கிறார். வெளியூருக்குப் போகும் டிஸ்க்கில் வங்கி, வரிக் காகிதங்கள் இருந்தால் அந்தப் பகுதியைப் பூட்டுவது அவசியம். போட்டோவும் பாட்டும் பூட்டாமலே இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். போன வருஷம் எங்கள் கட்டடத்தில் ஒரு பெரியவர் திடீரென்று காலமானார். எல்லாவற்றையும் அழகாக டிஸ்க்கில் வைத்திருந்தார், முழுவதையும் பூட்டியும் வைத்திருந்தார். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்து பத்து நாள் இருந்து, பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம் எல்லாம் போட்டுப் பார்த்தான். திறக்கவில்லை. அந்த மாமி இன்றும் அந்தப் பெட்டியைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார்.

ஆகவே பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி, உயில் இருக்கும் கவரில் வையுங்கள். எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, எந்த ஊரில் யாரிடம் இருக்கிறது என்பதையும் அதிலேயே குறியுங்கள். டிஸ்க்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒரு தடவையாவது வீட்டுக்காரியையோ மருமகளையோ பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே சொருகித் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் சும்மா பார்த்துக் கொண்டிருங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நானும் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்துவிடுகிறோம். டிஸ்க், அதன் ஒயர், லேப்டாப் மூன்றையும் கொண்டு வாருங்கள். முதல் நகலை இங்கேயே உட்கார்ந்து எடுத்து விடலாம். ஒயரை மறந்து விடாதீர்கள். இந்தச் சிறிய டிஸ்க் பலவற்றுக்கு இரட்டைத் தலை வைத்த அகலமான முனை, மொபைல் ஒயர் அதில் சேராது.